நடக்கிற ஆளுக்குச் சீட்டு இல்லை

நோயாளியை நடக்க வைக்கிற வேலை என்றால் நோயாளி நடப்பார், நாம் பார்த்துக்கொண்டு நிற்போம் என்று நினைக்காதீர்கள். அவர் ஓர் அடி வைத்தால் நாமும் பின்னாலேயே ஓர் அடி வைக்கவேண்டும், அவர் மனம் மாறித் திரும்பினால் நாமும் திரும்பவேண்டும். காய்ச்சலில் கிடந்த பிள்ளையையோ, கால் இழுத்துக்கொண்ட மாமனாரையோ கட்டிலை விட்டு எழுப்பிப் பார்த்தவர்கள் இதை வாசித்தால், அவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. உங்களுக்கு அது வீட்டோடு முடிந்த பாடு. எனக்கு அதுதான் உத்தியோகம்.

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலியாணம் கட்டிப் பதுளைக்கு வந்தவள் நான். படிப்பு கொஞ்சம்தான். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து சொல்வதைவிட எனக்கு இது பரவாயில்லை.

வேலைக்கு எடுத்த கதை

பதுளை ஆஸ்பத்திரியின் கீழ்த்தட்டில் உடற்பயிற்சி அறை. பிடித்து நடக்க இரண்டு இரும்புக் கம்பி, காலில் கட்டித் தூக்க மணல் பைகள், ஒரு ஆள் உயரக் கண்ணாடி, மூலையில் ஒரு மரப்படி. இதற்கெல்லாம் பொறுப்பு யாழ்ப்பாணத்து மிஸ் ஒருவர். அவருக்கு உதவிக்கு ஒரு ஆள் வேண்டுமென்று கேள்விப்பட்டுப் போனேன். எனக்கு முன்னாலேயே நாலைந்து பெண்கள் வந்து, நன்றாகப் பேசிக்கொண்டு நின்றார்கள். என் பெண்ணை விட்டுவர இடமில்லாமல் இடுப்பில் வைத்திருந்தேன். மிஸ் பெயர் கேட்டார். எனக்குச் சத்தம் வரவில்லை. மறுபடியும் கேட்டார். பிள்ளையின் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்துக் கம்பியைப் பிடித்து நின்ற ஒரு பெரியவர் சாய்ந்தார். நான் பக்கத்தில் நின்றதால் ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் அவருமாகப் பிடித்துக்கொண்டேன். மிஸ் ஓடிவந்து அவரை வாங்கினார். பிறகு மற்றப் பெண்களை அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்:

“இங்க கதைக்கிறதுக்கு நான் இருக்கிறன். பிடிக்கிறதுக்குத்தான் ஆள் இல்லை. நாளைக்கு வாரும், பிள்ளையை ஆரிட்டயாவது விட்டுட்டு வாரும்.”

மாரியாயி அக்கா வந்தது

கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுத்த மாரியாயி அக்காவுக்கு இரத்தப் புற்றுநோய். சட்டென்று கொல்லாமல் மெதுவாக வளரும் வகையாம். முகம் வெளுத்து, இடது விலாவுக்குக் கீழே வீங்கி, எழுந்தால் மூச்சு வாங்கியது. மாத்திரையில் கொஞ்ச நாள் தள்ளலாம், முற்றாகத் தீராது என்றார்கள். தீர வேண்டுமென்றால் எலும்புக்குள் இருக்கும் மச்சையை மாற்ற வேண்டும். இரத்தம் ஊறுவது அங்கேதானாம். அந்த வைத்தியம் அப்போது இந்தியாவில்தான் புதிதாகத் தொடங்கியிருந்தது.

தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய காலத்தில், இவர்கள் குடும்பத்தில் எல்லாரும் இந்தியாப் பாஸ்போட் எடுத்தவர்கள். அண்ணன் முன்னாலேயே கப்பல் ஏறிப் போய் நீலகிரிப் பக்கம் தேயிலைக் காட்டிலேயே வேலை பார்க்கிறார். இவர்கள் முறை வருவதற்குள் நாட்டுச் சண்டையில் கப்பலே நின்றுபோனது. அண்ணனுடைய இரத்தத்தையும் இவருடையதையும் சோதித்ததில் இரண்டும் ஒத்துவந்ததாம். அண்ணன் மச்சை கொடுக்கத் தயார். தொழிற்சங்கத்துக்காரர்களும் கோயில்காரர்களும் சேர்ந்து பயணத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். ஒன்றுதான் பாக்கி. அங்கே முதலில் பலமான மருந்து கொடுத்துப் பழைய மச்சையை அடியோடு அழிப்பார்கள். புதியது முளைக்கும்வரைக்கும் உடம்பு வெறும் ஓடு மாதிரி இருக்கும். தெம்போடு போனவர்தான் அதைத் தாண்டி வருவார். அதனால் கால், நெஞ்சு, மூச்சு எல்லாவற்றையும் பழக்கி அனுப்பவேண்டும். கொழும்பிலிருந்து பெரிய டாக்டர் வந்து பார்த்து, இந்த உடம்பு தாங்கும் என்று எழுதினால்தான் பயணம்.

மிஸ் இதை எல்லாம் பொறுமையாக, ஒரு தடவைக்கு மூன்று தடவை சொன்னார். அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். மிஸ் அந்தப் பக்கம் போனதும் என் காதில் சொன்னார்:

“நடக்கிறதுக்கா ஆஸ்பத்திரி வச்சிருக்காங்க? அதுக்குத்தான் அம்புட்டு மலை கெடக்கே தங்கச்சி!”

எங்கேயும் போகாத படி

மூலையில் இருந்த மரப்படியைச் சொன்னேனே, அது ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். மேலே ஒன்றும் கிடையாது. மாரியாயி அக்காவின் இடுப்பில் துவாயைக் கட்டி, அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நிற்பேன். விழக்கூடாது, விலாவில் அடி படக்கூடாது என்பது மிஸ்ஸின் கண்டிப்பு. அக்கா ஏறி உச்சியில் நின்று சுற்றிப் பார்ப்பார். “இங்க என்னா இருக்கு?” என்பார். ஒன்றுமில்லை, இறங்குங்கக்கா என்பேன். இறங்குவார். மறுபடி ஏறச் சொன்னால், “இப்பத்தானே பாத்தேன், ஒண்ணும் இல்லையே” என்பார். இப்படியே என் காலை நேரம் போகும்.

ஒருநாள் வார்டுக்குக் கொதித்தாறிய தண்ணீர் கொண்டுபோக நான் கேத்தலைத் தூக்கினேன். அக்கா என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு மாடிப்படியில் ஏறத் தொடங்கிவிட்டார். துவாயைப் பிடித்தபடி நான் பின்னாலேயே ஓடினேன். நடுவில் ஒரு தடவை மட்டும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, மேலே போய் எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு இறங்கினார். மிஸ் கீழே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஏசுவார் என்று நினைத்தேன். “முழுக் கேத்தல் வேண்டாம், அரைக் கேத்தல். அதோட போய்வரட்டும்” என்றார். அன்றிலிருந்து வார்டுக்குத் தண்ணீர்க் கவலை இல்லை. ஏன் அக்கா அந்தப் படியில் ஏறமாட்டேன் என்றீர்கள் என்று கேட்டேன்.

“வெறுங்கைய வீசிக்கிட்டு நடக்கிறதுக்கு நாம என்னா தொரையா? பாக்கிறவன் சிரிக்கமாட்டான்?”

நானாவின் கடை

அதே நோய் பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருந்த மஜீது நானாவுக்கும் இருந்தது. ஊசிக்கு வந்து வார்டில் தங்குவார். வயது போய்விட்டதால் இந்த மச்சை வைத்தியம் தாங்காது என்று அவருக்குச் சொல்லியாகிவிட்டது. அவரை நடக்க வைக்கச் சொல்லி எங்களுக்கு ஒரு டாக்டரும் எழுதவில்லை. ஆனாலும் தொப்பியைப் போட்டு, சாரத்தை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு தினமும் கீழே வந்துவிடுவார். கம்பி இரண்டுக்கும் நடுவில் போய் வருவார். மாரியாயி அக்கா உட்கார்ந்திருப்பதைக் கண்டால் சும்மா விடமாட்டார். “என்ன, கப்பல் நிண்டுட்டுதுண்டு நீயும் நிண்டுட்டியா?” என்பார். அக்காவும் விடமாட்டார். “நீங்க எந்த ஊருக்கு நானா பயணம், இந்த ஓட்டம் ஓடுறீங்க?” என்பார். இரண்டு பேரும் சிரித்தால் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கும். நான் நடுவில் நின்று இரண்டு பேரையும் பிடிப்பேன்.

ஒருநாள் அக்கா வராத நேரம், எனக்கே எப்படித் தைரியம் வந்ததோ, உங்களை யாரும் நடக்கச் சொல்லவில்லையே நானா என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு ஏன் கேட்டேன் என்றிருந்தது. அவர் கம்பியை விடாமல் சொன்னார்:

“யாவாரம் ஈக்கோ இல்லியோ, காலைல கடைய தொறக்கோணும் புள்ள. பூட்டிட்டு குந்தினா நான் என்னத்த சொல்லி எழும்புற?”

வீட்டிலும் அதேதான்

என் பெண்ணுக்கு அப்போது நடை வரும் பருவம். பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுப் போவேன். அங்கே சுவரைப் பிடித்து நடப்பாளாம். சாயங்காலம் நான் வாசலில் காலை வைத்ததும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். தூக்கும்வரைக்கும் கத்துவாள். இடுப்பில் வைத்துக்கொண்டே அடுப்பு பற்றவைத்து, ரொட்டி தட்டி, தேங்காய்ச் சம்பல் அரைத்து முடிப்பதற்குள் என் முழங்கால் எனக்குச் சொந்தமில்லாததுபோல் ஆகிவிடும். இரும்புக்கடையில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

“ஊர்ல உள்ளவங்கள எல்லாம் எறக்கி நடக்க விடுற. பெத்ததை எறக்கத்தான் ஒனக்கு வழி தெரியல.”

கங்காணி வந்த நாள்

மாரியாயி அக்கா நன்றாகத் தேறி வந்தார். அரைக் கேத்தல் முக்கால் கேத்தல் ஆனது. படியின் நடுவில் நிற்பதும் இல்லை. அப்படி ஒருநாள் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது, கீழே வாசலில் அவருடைய புருஷன் சந்தனம் அண்ணனும் கூடவே தோட்டத்துக் கங்காணியும் வருவது தெரிந்தது. நான் சந்தோஷப்பட்டேன். அக்கா என்ன செய்தார் தெரியுமா? கேத்தலை என் கையில் திணித்தார். படியிலேயே உட்கார்ந்தார். தலையைச் சுவரில் சாய்த்து, “அய்யோ ஆத்தா” என்று முனகத் தொடங்கினார். கண்கூட உள்ளே போய்விட்டது. மிஸ்ஸைக் கூப்பிட ஓடினேன்.

மிஸ் வருவதற்குள் வந்தவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு, பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். வாசலைத் தாண்டினார்களா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு அக்கா எழுந்தார், சேலையைத் தட்டினார், கேத்தலைக் கேட்டார். மிஸ் ஒன்றும் புரியாமல் நின்றார். எனக்குப் புரிந்தது. தோட்டத்து லயத்தில் பிறந்த யாருக்கும் புரியும். காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது, வேலைக்கு வராமல் படுத்திருக்க வேண்டுமென்றால் தோட்டத்து டாக்டரய்யாவின் சீட்டு வேண்டும். காய்ச்சல் என்றால் உடம்பு கொதிக்க வேண்டும், வலி என்றால் ஊர்ந்து போக வேண்டும். நிமிர்ந்து நடந்து போனவளுக்கு அவர் ஒருநாளும் சீட்டு எழுதினதில்லை. டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப லொறி வேண்டுமென்றால் இன்னும் மோசம், உயிர் தொண்டையில் நிற்கவேண்டும். என் அம்மாவும் எங்கள் தோட்டத்து டாக்டரய்யாவைப் பார்க்கப் போகும்போது வாசலுக்கு வெளியே நிமிர்ந்து நடந்து, உள்ளே போகும்போது கூனிக்கொள்வார். அக்கா என் தோளைத் தட்டிச் சொன்னார்:

“நடந்து காட்டுனா நாளைக்கே பெரட்டுல பேரு கூப்பிட்டுருவாங்க தங்கச்சி. கங்காணிக்குக் கண்ணு காலுலதான் இருக்கும்.”

பெரிய டாக்டர் வந்த நாள்

கொழும்பு டாக்டர் வருகிறார் என்று மிஸ் எனக்குப் புதுச் சேலை கட்டி வரச் சொன்னார். அறையைக் கழுவினோம். அக்காவுக்கு நான் தலை வாரிவிட்டேன். “நல்லா செய்வீங்கதானே அக்கா?” என்றேன். “என்னைப்பத்தி ஒனக்கென்னா கவல? பிரமாதமா செஞ்சிருவேன்” என்றார்.

டாக்டர் சிங்களக்காரர், நல்ல மனிதர், சத்தம் போடாமல் பேசினார். அக்காவை நடக்கச் சொன்னார். அக்கா கம்பியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தார். ஒரு காலை இழுத்தார். நின்றார். முனகினார். இன்னொரு காலை இழுத்தார். மிஸ், “மாரியாயி, நேற்று நடந்த மாதிரி நடவுங்கோ” என்றார். அவ்வளவுதான், அக்கா அப்படியே சரிந்து கதிரையில் விழுந்தார். நேற்றுவரைக்கும் கேத்தலோடு வார்டுக்குப் போய்வந்த அதே கால்கள். நான் துவாய் நுனியைப் பிடித்தபடி நின்றேன். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்தார். மிஸ்ஸிடம் இங்கிலீசில் ஏதோ சொன்னார். மிஸ் படபடவென்று பதில் சொன்னார். அவர் தலையை ஆட்டிவிட்டு மற்ற நோயாளிகளைப் பார்க்க மாடிக்குப் போனார். மிஸ் கண்ணாடியின் பக்கம் திரும்பிக்கொண்டு, “ஏலாதாம். இந்த உடம்பு தாங்காதாம். அந்த இடத்தை வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லிட்டார்” என்றார். அது அக்காவுக்குக் கேட்கவில்லை. என்னைக் கிட்டே கூப்பிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக, மெதுவாகச் சொன்னார்:

“பாத்தியா தங்கச்சி, பெரிய டாக்டரே நம்பிட்டாரு!”

முழுக் கேத்தல்

பேசாதவள் பேசவேண்டி வந்த கஷ்டம் உங்களில் சிலருக்காவது தெரியும். நான் அக்காவின் காலடியில் உட்கார்ந்துகொண்டேன், அப்போதுதான் அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்லலாம். “அக்கா, இவங்க நோவு எம்புட்டுன்னு பாத்து அனுப்புறவங்க இல்ல. தெம்பு எம்புட்டுன்னு பாத்து அனுப்புறவங்க. இப்ப ஒங்கள அனுப்ப முடியாதுன்னுட்டாரு” என்றேன்.

சிரிப்பு அப்படியே நின்றது. “சொகமா இருக்கிறவளுக்கு எதுக்குடி வைத்தியம்?” என்றார். மிஸ் எத்தனை தடவை சொன்னார் அக்கா என்றேன். “நடக்க வைக்கிறதுக்குத் தாஜா பண்றீங்கன்னுல நெனச்சேன். புள்ளைக்குச் சோறு ஊட்ட நெலாவக் காட்டுற மாதிரி” என்றார். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருப்பதை அவர் ஒருநாளும் எங்களிடம் பேசினதில்லை. அன்றைக்குத்தான் அவர்கள் பெயர் இரண்டையும் வாய்க்குள் சொன்னார். பிறகு எழுந்தார். மூலையில் இருந்த கேத்தலை எடுத்து, குழாயடிப் பானையிலிருந்து விளிம்பு வரைக்கும் நிரப்பினார். துவாய் கட்டக்கூட விடவில்லை. மாடிப்படியில் ஏறினார்.

நான் பின்னால். எனக்குப் பின்னால் மிஸ். நிற்கவில்லை, சுவரைப் பிடிக்கவில்லை. நேரே வார்டுக்குள் போய், மஜீது நானாவின் கட்டில் பக்கம் நின்றுகொண்டிருந்த டாக்டருக்கு முன்னால் போய் நின்றார். மூச்சு வாங்கியது உண்மை. ஆனால் கேத்தல் ஆடவில்லை. “தண்ணி குடிக்கிறீங்களா டாக்டரய்யா?” என்றார். டாக்டர் அவரைப் பார்த்தார், கேத்தலைப் பார்த்தார், மிஸ்ஸைப் பார்த்தார். கட்டிலில் இருந்த நானா, அக்காவிடம் முன்பே கேட்டிருந்த கதை எல்லாவற்றையும் சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். சீட்டு, லொறி, பெரட்டு, கூனிக்கொண்டு போவது எல்லாம். கடைக்காரருக்குச் சொல்லவா வேண்டும். டாக்டர் சிரிக்கவில்லை. அக்காவை உட்கார வைத்து மறுபடி நாடி பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். பிறகு இறங்கி ஏறி வரச் சொன்னார். அக்கா எழுந்ததும் கை தன்னால் கேத்தலுக்குப் போனது. டாக்டர், அது வேண்டாம், சும்மா போய் வா என்று கையால் காட்டினார். அக்கா தயங்கி நின்றார். மிஸ் அவசரத்தில் தமிழிலேயே குறுக்கே வந்தார், நானா அதையும் சிங்களத்தில் சொன்னார்:

“அந்தக் கேத்தலையும் சேர்த்து எழுதுங்கோ டொக்டர். அது இல்லாட்டி இவ இந்தியாவிலயும் நடக்கமாட்டா.”

செய்தி வந்தது

டாக்டர் எழுதினார். அக்கா போனார். போகும்போது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. காரில் ஏறும்போது கங்காணியும் வந்திருந்ததால் முனகிக்கொண்டே ஏறினார்.

அதன் பிறகு மழைக்காலம் ஒன்று போனது. அக்காவைப் பற்றிக் கொஸ்லந்தப் பக்கத்திலிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. நானாவுக்கு ஊசி கேட்காமல் போனது. கீழே வருவது நின்றது. வேறு நோயாளிகள் வந்தார்கள், வேறு இடுப்பில் துவாயைக் கட்டினேன். பிறகு ஒருநாள் சந்தனம் அண்ணன் வாசலில் நின்றார். பெரகலச் சந்தியில் பஸ் மாறி, நனைந்துகொண்டு வந்திருந்தார். அவர் வாயைத் திறக்கும்வரைக்கும் நான் அவர் கால் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். “பொழச்சிட்டா” என்றார். “அவ அண்ணன் மச்சை முளைச்சிருச்சாம். இன்னும் வெளிய விடல. தலமுடியெல்லாம் கொட்டிப் போச்சாம். ஆனா அங்கயும் தெனமும் எழுப்பி நடக்கச் சொல்றாங்களாம். ‘இதுக்கு நான் பதுளையிலயே இருந்திருக்கலாமே’ன்னு ஏசுறாளாம்.”

நான் மாடிப்படியில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. நானா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தொப்பி தலையணைப் பக்கத்தில் இருந்தது. குனிந்து காதில் சொன்னேன். முதலில் அசைவில்லை. பிறகு தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்துகொள்ளவே கொஞ்ச நேரம் பிடித்தது. கையைத் தடவித் தொப்பியைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டினார்:

“இத தலைல வெச்சு என்னய எழுப்பு புள்ள. இண்டைக்கு அர நாளைக்காச்சும் கடைய தொறப்போம்.”

வார்டு வாசல்வரைக்கும் போய் வந்தோம், அவர் பாரம் முழுவதும் என் தோளில். இத்தனை பேரை எழுப்பி நடக்க வைத்த எனக்கு, ஒருநாள் படுத்திருக்கச் சொல்லிச் சீட்டு எழுதித்தர ஒரு டாக்டருக்கும் இன்னும் மனம் வரவில்லை, நான்தான் எப்போதும் நடந்துகொண்டிருக்கிறேனே!